“எனக்கு வண்டி வேண்டாம்மா!”

திருச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் என்பதால் இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது மைலேஜ், இன்சூரன்ஸ், எந்தக் கார் வாங்கலாம் என்கிற கேள்விகள்தான். இந்த முறை ஒரே விஷயமாகப் பல கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பிள்ளைக்கு வயது வந்துவிட்டது, வண்டி பழகச் சொன்னால் மாட்டேன் என்கிறது. அவற்றுக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன். மைலேஜ் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. போன வருடம் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்துக்கொடுத்து, அவன் அப்பாவே எங்கள் காரில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் போனான். அப்புறம் சாவியைத் தொடவே மாட்டேன் என்கிறான். எல்.எல்.ஆரும் காலாவதியாகிவிட்டது. பயந்த பிள்ளை இல்லை, கல்லூரி கபடி டீமில் இருக்கிறான். ‘ஆம்பளப் பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, ‘அவன் அப்பாவே சொல்லிக்கொடுத்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ‘ரொம்ப பயப்படுறான் மேடம்’ என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்து விடப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, ‘இதுக்கு முன்னாடி யாருப்பா சொல்லிக்கொடுத்தா?’ என்றுதான். அப்பா, மாமா, அண்ணன் என்று யாராவது ஒருவர் வந்துவிடுவார். அதிலும் அப்பாதான் அதிகம்.

அப்பாக்கள் கத்துவது கோபத்தால் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் பிரேக் கிடையாது, அதனால். எங்கள் ஸ்கூல் வண்டியில் எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரில் அந்த வசதி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. பையன் நேராகப் பால்காரர் சைக்கிளைப் பார்த்துப் போகிறான் என்றால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, காலை வைத்தால் போதும். உங்கள் வீட்டுக்காரருக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது. வருஷக்கணக்காக ஓட்டிப் பழகியவரின் வலது கால் தானாகக் காரின் தரையை அழுத்தும், ஆனால் வண்டி நிற்காது. அந்தப் பதற்றம் முழுக்கக் குரலில் வந்துவிடும். ‘பிரேக்கப் போடு! கிளட்ச்ச விடாத! ஏய், எங்க பாக்குற?’ சிலர் ஸ்டியரிங்கையே எட்டிப் பிடித்து இழுப்பார்கள். ஓட்டுகிற பையனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கபடியில் அடிபடுவதைப் பற்றிக் கவலைப்படாத பிள்ளைதான். ஆனால் உங்கள் ஊர் மேரீஸ் கார்னர் மாதிரி நெரிசலான ஓர் இடத்தில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் டவுன் பஸ் ஹாரனை விடாமல் அழுத்த, பக்கத்தில் அப்பாவும் திட்ட, ஸ்கூட்டரில் போகிற கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தால்? அடுத்த நாள் சாவியைத் தொடத் தோன்றாது. எனக்கும் தோன்றாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நன்றாக ஓட்டுகிறவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். ‘கிளட்ச்ச மெதுவா விடுடா’ என்பார். எவ்வளவு மெதுவாக, எதுவரை? அது அவருக்கே சொல்லத் தெரியாது. நான் முதல் வகுப்பில் ஆக்சிலேட்டரைத் தொட விடுவதே இல்லை. சமமான தரையில், ஃபஸ்ட் கியரில், கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடச் சொல்வேன். ஓர் இடத்தில் வண்டி லேசாக அதிரும், என்ஜின் சத்தம் சற்று இறங்கும். காலை அங்கேயே நிறுத்தினால் வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். கால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை கியர் மாற்றுவது, திருப்புவது, ரிவர்ஸ் எதுவும் கிடையாது. நடுவில் வண்டி ஆஃப் ஆகத்தான் செய்யும். ஆகட்டும், மறுபடி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினால் ஓடப்போகிறது. வண்டி ஆஃப் ஆவதை ஒரு குற்றமாக எந்தப் பிள்ளை நினைக்கிறதோ அது கண்ணாடியைப் பார்க்காது, எதிரே வருவதையும் பார்க்காது. காலையே பார்த்துக்கொண்டிருக்கும். நிஜமான ஆபத்து அதில்தான்.

சரி, இனிமேல் என்ன செய்வது? முதலில் அவனிடம் தனியாகக் கேளுங்கள், அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. ‘ஏன் பயம்?’ என்று கேட்டால் ‘பயமெல்லாம் இல்ல’ என்று எழுந்து போய்விடுவான். ‘எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?’ என்று கேளுங்கள். கிளட்ச்சா, குறுகலான தெருவா, எதிரே லாரி வருவதா, ரிவர்ஸா? குறிப்பான ஓர் இடம் வாயிலிருந்து வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அது பழகினால் சரியாகிற விஷயம். என்னிடம் வருகிற பிள்ளைகள் ஒன்றிரண்டு வகுப்பு போன பிறகுதான் அதைச் சொல்வார்கள், அதுவும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, முகத்தைத் திருப்பாமல்.

கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். லைசென்ஸ் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை உங்களால் படிக்க முடிகிறதா? (கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு பார்க்கலாம்.) படிக்காமலேயே எல்லோரும் ‘ஆம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தெருவில் நிற்க வைத்து நீங்களே கேட்டுப் பாருங்கள். கிட்டப்பார்வை இருப்பது தெரியாமலேயே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. எதிரே வருவது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பிடிபடாதவனுக்கு ரோடு பயமாகத்தான் இருக்கும். சாயங்கால நேரம் இன்னும் மோசம். கண்ணாடி போட்டதும் ‘ஓட்டலாமே’ என்று மனம் மாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் புதிதாக ஓர் எல்.எல்.ஆர். போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும், அதனால் அவசரப்படவும் ஒன்றும் இல்லை. நல்ல டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். காருக்கு 21 நாளுக்குக் குறையாமல் பாடமும், அதில் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டும் பயிற்சியும் தர வேண்டும் என்பது விதி. அந்தப் பத்து மணி நேரமும் என் மகன் ஸ்டியரிங் பிடித்திருப்பானா என்பது முதல் கேள்வி. சில இடங்களில் பின்சீட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, அவர்கள் ஓட்டுவதை இவன் வேடிக்கை பார்ப்பதையும் வகுப்புக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மாஸ்டர் யார், ஒருமுறை வகுப்பைப் பார்க்கலாமா என்பது இரண்டாவது. பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள். ஒரு பிரபலமான ஸ்கூலில் அப்பாவைவிடப் பெரிய குரலில் கத்துகிற மாஸ்டர் ஒருவர் இருந்தார். அங்கே பாதியில் நின்றவர்கள் பலர் பின்னால் எங்களிடம் வந்தார்கள். அந்த வகையில் அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்!

வகுப்பு நேரம் காலை ஆறு மணியாக இருந்தால் நல்லது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளை நான் அந்த நேரத்தில் சித்திரை வீதிகளில்தான் ஓட்ட வைப்பேன். வீதி அகலம், நாலு மூலையிலும் திரும்பிப் பழகலாம், மாடும் பூக்காரியும் கோயிலுக்குப் போகிறவர்களும் குறுக்கே வருவதால் பிரேக்கும் பழகும். மார்கழியில் கோலத்தை மிதிக்காமல் ஓட்டச் சொல்வேன். இடது டயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் ஊரிலும் அகலமான வீதிகளுக்குக் குறைவில்லை.

அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லைசென்ஸ் வந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கூடப் போகட்டும். ‘லெஃப்ட்’, ‘ரைட்’ தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் பின்சீட்டில் உட்காரட்டும்.

சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகன் சிரித்துக்கொண்டே கடந்து போகிறான் என்றால் அவன் விவரமான பிள்ளைதான்.

*

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், 16 வயது. டியூஷனுக்கு நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். ஸ்கூட்டர் வாங்கித்தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வண்டியில்தான் வருகிறார்கள். இந்தக் கூச்சத்தை எப்படிப் போக்குவது?
— ஒரு தந்தை, கரூர்

பதில்: சார், இதற்குக் கூச்சம் என்று பேர் வைத்தது நீங்கள். உங்கள் வீட்டில் சட்டம் தெரிந்த ஆள் உங்கள் மகள்தான்.

16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும், ஆனால் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். பெற்றோர் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் ஷோரூமில் பார்த்து வைத்திருக்கும் ஸ்கூட்டர் 110 அல்லது 125 சிசியாக இருக்கும். அதை ஓட்ட 18 முடிய வேண்டும்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பொறுப்பு பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டாள்’ என்று தப்பிப்பதானால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிய உங்களால் அதைச் சொல்லவும் முடியாது. யார் மீதாவது மோதிவிட்டால், கொடுத்த நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடமே திருப்பிக் கேட்கவும் வழியிருக்கிறது.

‘லைசென்ஸ் வேண்டாத எலெக்ட்ரிக் வண்டி இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. ஆனால் கடையிலேயே வேகத்தைக் கூட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படிக் கூட்டிய வண்டிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. எதுவானாலும் ஹெல்மெட் வேண்டும்.

நான்கு கிலோமீட்டர்தானே, நல்ல சைக்கிளாக ஒன்று வாங்கிக்கொடுங்கள். அதையும் அவளிடம் கேட்டுவிட்டு.

*

கேள்வி: என் மகளுக்கு 18 முடிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய அத்தை மகன் பைக் விபத்தில் இறந்துபோனான். அதிலிருந்து நான் வண்டி எடுத்தாலே வாசலில் வந்து நிற்கிறாள். வீட்டில் எல்லோரும் ‘ஸ்கூட்டி பழகினால் பயம் தெளிந்துவிடும்’ என்கிறார்கள். சரியா?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: சரியில்லை. இப்போது வேண்டாம்.

மற்ற கடிதங்களில் இருப்பதும் இதுவும் ஒன்றில்லை. அவளுடைய பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் 17,884 பேர். இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த எண்ணிக்கையில் இருக்கிற ஒவ்வொருவரும் அவள் கூடவே வளர்ந்த பையன் மாதிரி ஒருவர்தான். ‘ஒண்ணும் ஆகாதும்மா’ என்று நீங்கள் சொல்வதை அவள் எப்படி நம்புவாள்?

நீங்கள் வெளியே கிளம்பும்போது அவள் வாசலில் வந்து நிற்பது இரண்டு வருடம் கழித்தும் தொடர்கிறது என்றால், என்னை மாதிரி டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவளிடம் வருவதற்கு முன் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் இலவச மனநல உதவி எண் அது, எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தூக்கம் கெடுகிறதா, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என்ன ஆகிறாள் என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்லுங்கள்.

இடையில் உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. நீங்கள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவராக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வாசலில் நிற்கும் மகளுக்குத் தெரியும்படி தலையில் போட்டு, தாடைப் பட்டியையும் மாட்டிவிட்டுப் புறப்படுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். எப்போதாவது அவளாக ‘பின்னாடி உக்காந்து வரட்டுமா?’ என்று கேட்டால் அவளுக்கும் ஒரு ஹெல்மெட் இருக்கட்டும். ஓட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அவள் கேட்கவே இல்லை என்றால் பேசவும் வேண்டாம்.

*

கேள்வி: அக்கா, எனக்கு 18 வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து காலேஜுக்கு பஸ்ஸில் போகிறேன். ஸ்கூட்டி பழகு, பழகு என்று அம்மா தினமும் சண்டை. எனக்குப் பயமெல்லாம் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் போனால் பாட்டு கேட்கலாம், தூங்கலாம். வண்டி ஓட்டத் தெரியாமல் ஒரு பெண் வாழக் கூடாதா?
— கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாக வாழலாம். டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டு இதைச் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒன்றாம் நம்பர் பஸ் ஓடுகிற ஊரில் இருக்கிறாய். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது. வசதியாக உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு போகிற பிள்ளையைப் பெட்ரோல் போட்டு, பார்க்கிங் தேடி, வெயிலில் சிக்னலில் நில் என்றால் அது என்ன நியாயம்?

ஆனால் அம்மா பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன், கோபப்படாதே. உன் அம்மாவின் வயதுக்காரி நான். எங்கள் காலத்தில் கடைக்குப் போகவும் அண்ணனையோ அப்பாவையோ எதிர்பார்த்து நிற்க வேண்டும். கியர் இல்லாத சின்ன வண்டிகள் வந்த பிறகுதான் எத்தனையோ பெண்கள் யாரையும் கேட்காமல் வெளியே போனார்கள். உன் அம்மா வண்டி ஓட்டுகிறவர் என்றால் அந்த ருசி அவருக்குத் தெரியும். ஓட்டத் தெரியாதவர் என்றால் இன்னும் அதிகமாகத் தெரியும். அவர் சண்டை போடுவது அதற்காக இருக்கலாம். ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பார்.

வண்டி வாங்கத் தேவையில்லை, தினமும் ஓட்டவும் தேவையில்லை. ஒரு லீவில் பழகி, எட்டு போட்டு, லைசென்ஸை வாங்கிப் பீரோவில் வைத்துவிடு. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பஸ் கிடையாது என்கிற ஊரில் நாளைக்கு உனக்கு வேலை கிடைக்கலாம். அப்போது ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள்வதைவிட, மறந்ததைத் தூசி தட்டுவது சுலபம். அதுவும் வேண்டாம் என்றால் விடு. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, ‘அக்காவே சொல்லிட்டாங்க’ என்று சொல்லிக்கொள்.

*

கேள்வி: பேரனுக்கு 18 வயது. சைக்கிளே ஓட்டத் தெரியாது, அபார்ட்மென்டில் வளர்ந்தவன். அதனால்தான் ஸ்கூட்டரைக் கண்டு ஒதுங்குகிறான் என்று நினைக்கிறேன். நேராக ஸ்கூட்டர் பழகலாமா, சைக்கிளில் தொடங்க வேண்டுமா?
— ஒரு தாத்தா, சென்னை

பதில்: சைக்கிளில் தொடங்குங்கள் ஐயா. ஸ்கூட்டரின் எடையோடு ஆக்சிலேட்டரையும் சேர்த்துச் சமாளித்துக்கொண்டு பேலன்ஸும் பழகுவது கஷ்டம். தடுமாறும்போது கை தானாகக் கைப்பிடியை இறுக்கித் திருகிவிடும், வண்டி பாயும்.

சைக்கிள் சீட்டை நன்றாகக் கீழே இறக்குங்கள், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி. பெடல்களைக் கழற்றிவிட முடிந்தால் இன்னும் நல்லது. காலால் உந்தி உந்தி உருட்டிக்கொண்டே போகட்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போக வந்துவிட்டால் பெடலை மாட்டலாம். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேலை உங்களுக்கு வேண்டாம். 18 வயதுப் பையன் அடுக்குமாடி வாசலில் சின்னப் பிள்ளைகள் பார்க்க சைக்கிள் பழகச் சங்கடப்படுவான், அதனால் விடியற்காலையில் வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள்.

*

கேள்வி: ‘ஆட்டோமேட்டிக் கார் என்றால் ஓட்டுகிறேன், கியர் வண்டி வேண்டவே வேண்டாம்’ என்கிறாள் மகள். அதற்குத் தனி லைசென்ஸா? கியர் தெரியாமல் கார் கற்றுக்கொள்வது தப்பில்லையா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நம் நாட்டில் காருக்கு ஒரே லைசென்ஸ்தான், கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் அதுவே. கியர் தெரியாதது தப்பொன்றும் இல்லை. கிளட்ச் கவலை இல்லாததால் சில பிள்ளைகள் ஆட்டோமேட்டிக்கில் ரோட்டை நன்றாகக் கவனிக்கிறார்கள். ஒரே சிக்கல், பெரும்பாலான டிரைவிங் ஸ்கூல்களில் இருப்பது கியர் வண்டிதான். உங்கள் ஊரில் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் ஸ்கூல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். டெஸ்டுக்கு எந்த வண்டியைக் கொண்டுவரலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இடது காலை ஓரமாக ஒதுக்கி வைக்க மட்டும் முதல் நாளே பழக்கிவிடுங்கள். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது கால் ஒன்றுதான்.